சாலுவுக்குப் பேண்ட், கிருபாவுக்கு என்ன?

"பெட்டி மட்டும் கிடைச்சா போதும் சித்தி. நான் வந்துடுவேன்."

நாலு நாளாக அந்த வாக்கியம் பெரியநாயகியின் காதைவிட்டு இறங்கவில்லை.

காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் பதினோரு வருஷமாக ஆபரேட்டர். ஜவுளி வியாபாரம், கல்யாணப் பேச்சு, சாவுச் செய்தி என்று நாளெல்லாம் ஏதேதோ காதில் விழும். டூட்டி முடிந்து ஹெட்ஃபோனைக் கழற்றும்போது அத்தனையும் அதோடு கழன்றுவிடும். இது ஒன்று மட்டும் கழலவில்லை. பேசியவள் கிருபாவதி. பெரியநாயகியுடைய கணவரின் மகள்.

சென்ற வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிராயிங் மாஸ்டர் ஞானசிகாமணிக்கும், பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண் பெரியநாயகிக்கும் போன ஜூன் மாதம் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அவருக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கு முப்பத்தாறு. அவருடைய முதல் மனைவி சுகிர்தம் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இரண்டு. கிருபாவுக்குப் பதினாறு வயது, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். சாலு என்கிற சாலமோனுக்குப் பதினொன்று.

அவர் சர்ச்சுக்குப் போகிறவர், இவள் ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் போகிறவள். மாறச் சொல்லி அவரும் கேட்கவில்லை, மாறலாம் என்று இவளும் நினைக்கவில்லை. பிள்ளைகள் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா என்று மரியாதையாகத்தான் இருந்தார்கள். அந்த மரியாதைதான் பெரியநாயகிக்குத் தாங்கவில்லை. ஆறு மாதமாகத் தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருப்பது யாருக்குத் தாங்கும்?

சுகிர்தத்தின் தங்கை ஜெபமணி வேலூரில் நர்ஸ். நோயில் கிடந்த அக்காவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வராமல் நாள் கடத்திவிட்டார் என்று, அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் ஞானசிகாமணியைக் கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. வேலூர் என்கிற பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அந்த ஜெபமணிக்குத்தான் கிருபா தபால் ஆபீஸ் பூத்திலிருந்து டிரங்க்கால் போட்டாள். கால் புக் செய்தது வேறொரு ஆபரேட்டர். லைன் கிடைத்த நேரத்தில் போர்டில் உட்கார்ந்திருந்தவள் பெரியநாயகி. வேலூர் கிடைத்துவிட்டது, பேசுங்கள் என்று சொல்லி, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்ததும் லைனை விட்டு விலகிவிட வேண்டும். அதுதான் சட்டம். குரல் அடையாளம் தெரிந்த திகைப்பில் ஒரு நொடி தாமதித்துவிட்டாள். அந்த ஒரு நொடியில் விழுந்த வாக்கியம்தான் அது.

எக்ஸ்சேஞ்சில் கேட்டதைக் கணவரிடம்கூடச் சொல்லக் கூடாது. அவளும் சொல்லவில்லை.

இன்று டிசம்பர் இருபத்து நாலு. விடிந்தால் கிறிஸ்துமஸ். அந்த வீட்டில் அவளுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ்.

சுகிர்தம் இருந்தவரை பிள்ளைகளுக்கு என்ன பரிசு என்பதை அவளேதான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு ஞானசிகாமணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று கிறிஸ்துமஸுக்கும் ஆளுக்கு ஒரு டைரி வாங்கிக் கொடுத்தார். கிருபா அதில் அல்ஜீப்ரா போட்டுப் பார்த்தாள். சாலு பக்கத்துக்கு ஒரு கப்பலாக வரைந்து தள்ளினான்.

இந்த வருஷம் அப்படி விடக் கூடாது என்று தீர்மானித்து, போன ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில் ஒன்றை சாலுவுக்காக வாங்கி வந்து அலமாரி மேல் ஒளித்து வைத்தார். கிருபாவுக்கு வாங்குவதை மனைவியிடம் விட்டுவிட்டார். பெண்பிள்ளை விஷயம் தனக்குப் புரியாது என்றார்.

ரயிலைப் பார்த்ததும் பெரியநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாலுவின் அரைக்கால் சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். கீழ் மடிப்பு இரண்டு முறை பிரித்து விடப்பட்டிருந்தது. இனிப் பிரிக்க அங்கே துணி இல்லை. ஞானசிகாமணி அந்தத் தையல் தடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப இவ்ளோ வளந்தான், நாயகி?"

அவளுக்கு அது தெரிந்தது நவம்பர் மாதத்தில். ஒரு நாள் டூட்டி முடிந்து சீக்கிரம் வந்தபோது, அலமாரிக் கண்ணாடி முன்னால் சாலு அப்பாவின் பேண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். இடுப்பில் சணல் கயிறு. கால் பக்கம் ஆறு மடிப்பு. பக்கவாட்டில் திரும்பித் திரும்பித் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்த சுவடு தெரியாமல் தெருவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்தே தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். அன்றே முடிவு செய்துவிட்டாள், சாலுவுக்கு முதல் முழுக்கால் பேண்ட்.

ஆக, சாலுவின் விஷயம் முடிந்தது. கிருபாவுக்கு என்ன வாங்குவது?

காலை டூட்டியில் பக்கத்துப் போர்டு காந்தாவிடம் யோசனை கேட்டாள். காதில் விழுந்ததைச் சொல்லாமல், பொதுவாக, பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன வாங்கலாம் என்று. பட்டுப் பாவாடை தாவணிதான் என்று காந்தா யோசிக்காமல் சொன்னாள். பெரியநாயகியின் அண்ணன் வீட்டிலேயே தறி இருக்கும்போது இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்றாள். ஆனால் கிருபா ஒரு தடவை சாலுவிடம் சொன்னது பெரியநாயகிக்கு நினைவிருந்தது. பட்டு கட்டினால் யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி இருக்கிறதாம் அவளுக்கு.

"அதாம்மா கஷ்டம்," என்றாள் காந்தா. "ஏழு வயசுன்னா பொம்மை. இருபத்தஞ்சுன்னா நகை. நடுவுல நிக்கறதுங்களுக்கு எத்த வாங்கிக் குடுத்தாலும் மூஞ்சி தொங்கிப்பூடும்."

அதற்குள் அவள் போர்டில் விளக்கு எரிந்தது. நம்பர் ப்ளீஸ் என்று திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு வெளியே வந்த பெரியநாயகி நேராகக் குப்புசாமி தையல் கடைக்குப் போனாள். பண்டிகை அவசரத்தில் அவர் தலை நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பையனைக் கூட்டி வராமல், அரைக்கால் சட்டையையும் ஒரு நூலையும் கொடுத்து அளவு எடுக்கச் சொன்னதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல். இருந்தாலும் பேண்டைப் பிரித்துக் காட்டும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. கருநீலம். முழங்காலுக்குக் கீழே மணி மாதிரி விரிந்திருந்தது.

பெரியநாயகி பெல்பாட்டம் கேட்கவில்லை. சாதாரண பேண்ட்தான் சொல்லியிருந்தாள்.

"இப்ப பசங்க வேற எதையும் தொட மாட்டேங்கறாங்கமா," என்றார் குப்புசாமி. "ரெண்டு இஞ்சி உள்ள மடிச்சி வச்சிருக்கறேன். வளர்ற புள்ள. அடுத்த வருசம் பிரிச்சி வுட்டுக்கலாம்."

அதைப் பையில் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் பரப்பி மூடிக்கொண்டு காந்தி ரோடுக்குத் திரும்பினாள். காலையில் பெய்த தூறலில் ரோடு நசநசத்துக் கிடந்தது. ஜவுளிக்கடை வாசல்களில் கல்யாணக் கூட்டம் குறைந்திருந்தது, மார்கழி அல்லவா. ஆனாலும் பேக்கரி வாசலில் கேக்குக்கு ஒரு சின்ன வரிசை நின்றது. அந்த வரிசைக்குப் பக்கத்திலிருந்து சாலு ஓடி வந்தான். வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரம் தூறலில் கிழிந்துவிட்டதாம். சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்க வந்திருக்கிறான். பையில் என்ன என்று எட்டிப் பார்த்தான். கீரை தெரிந்ததும் ஆர்வம் போய்விட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். பேச்சோடு பேச்சாக அவனிடம் கேட்டாள், அக்காவுக்கு என்ன வாங்கலாம் என்று. சாலு யோசிக்கக்கூட இல்லை. எதிர்ச் சாரியில் இருந்த கடையைக் கையை நீட்டிக் காட்டினான்.

"அக்கா அங்கதான் நிக்கும். ஸ்கூல் விட்டு வரும்போது தினம் நிக்கும். அந்த நீலப் பெட்டி."

பெட்டிகள் விற்கும் பூவராகவனின் கடை. இரும்பு டிரங்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அதற்கும் மேலே, கண்ணாடிப் பீரோவுக்குள், நீல ரெக்ஸின் சூட்கேஸ் ஒன்று.

பெரியநாயகி அவனைக் கண்ணாடித்தாள் வாங்கி வர அனுப்பிவிட்டுக் கடைக்குள் போனாள். பூவராகவன் அவளைக் கண்டதும் எழுந்து நின்று, அவள் காட்டிய சூட்கேஸை இறக்கித் துடைத்து முன்னால் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பெண் ஒன்று வாரத்துக்கு ஒரு தபா உள்ளே வந்து இதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போகும் என்றார். வாங்காவிட்டாலும் அது பார்க்கிற அழகுக்காகவே தாம் ஒன்றும் சொல்வதில்லையாம். பிறகு, வீட்டில் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

அப்புறம் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் நுழைந்து ஒரு பவுடர் டப்பாவும், வெள்ளை மணி வைத்த இரண்டு ஹேர்பின்னும் வாங்கினாள். கடைக்காரர் அழகாகக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்தார். எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கலாம். யாருக்கும் மனவருத்தம் வராது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முனையில் நின்றாள். மேற்கே போகிற பஸ்ஸின் கண்டக்டர், தாமல், ஓச்சேரி, வாலாஜா, வேலூர் என்று கூவிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் கிருபா வயதுப் பெண் ஒருத்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

பெட்டி வாங்கிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? சிற்றன்னை வந்து ஆறு மாதத்தில் பெண்ணின் கையில் பெட்டியைக் கொடுத்தாள் என்றுதான் தெருவே பேசும். கிருபாவே அப்படி நினைத்துவிட்டால்? வாங்கவில்லை என்றால்? பவுடர் டப்பாவைப் பார்த்து அந்தப் பெண் மரியாதையாகத் தேங்க்ஸ் சொல்வாள். ஆறு மாதமாகச் சொல்கிற அதே தேங்க்ஸ்.

இந்த உலகத்தில் அந்தப் பெண் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்கு. அவள் தன்னிடம் கேட்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் தன் காதில் விழுந்துவிட்டதே. தெரிந்துகொண்டே வேறொன்றை வாங்கினால் அதற்குப் பரிசு என்றா பெயர்? லஞ்சம் என்றுதான் பெயர். போகாதே, இந்தா பவுடர் என்று கொடுக்கிற லஞ்சம்.

பஸ் புறப்பட்டுப் போயிற்று. பெரியநாயகி திரும்பிப் பூவராகவனின் கடைக்கு நடந்தாள்.

பவுடர் பொட்டலத்தை அவள் உள்ளே வைத்து மூடியதும், அவர் சூட்கேஸைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டினார். இரண்டு சின்னச் சாவிகளை ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்தார். ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கட்டும் என்று கம்பெனியே இரண்டு கொடுக்கிறதாம்.

கண்ணாடித்தாளோடு வந்த சாலு அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். செய்தித்தாள் சுற்றியிருந்தாலும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் கைப்பிடியின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டான். செங்கழுநீரோடை வீதி திரும்பியதும் கேட்டான்.

"அக்கா போயிடுமா?"

"தெரியலப்பா."

"போச்சுன்னா திரும்பி வருமா?"

"வரும்," என்றாள் பெரியநாயகி. எதை நம்பிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் சந்தேகம் இல்லாததால் சாலுவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கிருபா முன்னறையில் கிறிஸ்துமஸ் மரமாக நட்ட சவுக்குக் கிளைக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கம் வழியாகப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் நெல் மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்தவன் அவன்தான்.

கிறிஸ்துமஸ் விடிந்தது. ஒரு பக்கம் கோவில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை, மறுபக்கம் சர்ச் மணி. பெரியநாயகி எப்போதும்போல எழுந்து வாசல் தெளித்து, மார்கழிக் கோலத்தைப் போட்டு நடுவில் பூசணிப்பூ வைத்தாள். பிறகு எல்லோரோடும் ஐந்து மணி ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு தெரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த கிருபா திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் பிரித்து அவளிடம் நீட்டினாள். கிருபா மனப்பாடமாகப் பாடினாள்.

ஏழு மணிக்கு வீடு திரும்பிக் காபி குடித்ததும் பரிசுகள்.

ஞானசிகாமணி ரயிலைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கொடுத்தார். சாலு பெரிய மனதோடு, நல்லா இருக்குதுப்பா என்று வாங்கிக்கொண்டான். பிறகு பெரியநாயகி கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். பேண்டைத் தூக்கிப் பிடித்தான். அது தரைவரை தொங்கியது. உள்ளே ஓடினான். போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கால் இரண்டும் தரையைப் பெருக்கின, குப்புசாமியின் கணக்கு எங்கேயோ இடித்திருந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. சட்டையை உள்ளே விட்டு, தலையைக் கோதிக்கொண்டு, இரண்டு கையையும் பாக்கெட்டில் நுழைத்து நின்றான்.

"அப்பா, இதுல பாக்கெட் ரொம்ப ஆழமா இருக்குது."

ஞானசிகாமணி சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் பெரியநாயகி செய்தித்தாள் சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்து கிருபாவின் முன்னால் வைத்தாள். கிருபா சணலை அவிழ்த்தாள். ஒரு மூலையில் நீலம் தெரிந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"பெட்டியா?" என்றார் ஞானசிகாமணி, இன்னும் சிரிப்பு அடங்காமல். "இவ எங்க போறா?"

அந்த நேரம் பார்த்து சாலு தெருவில் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பி, பெல்பாட்டத்தில் கால் சிக்கி நிலைப்படியில் தொப்பென்று விழுந்தான். வேண்டுமென்றுதான் விழுந்தானோ என்று பெரியநாயகிக்கு இன்றுவரை சந்தேகம். ஞானசிகாமணி அவனைத் தூக்கப் போனார். கிருபா பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

பெரியநாயகி பின்னாலேயே போனாள். கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பவுடர் டப்பாவும் ஹேர்பின்னும் ரிப்பனோடு இருந்தன. கிருபா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உன் டிரங்க்காலுக்கு லைன் கொடுத்தது நான்தான், ஒரு நொடி அதிகமாக இருந்துவிட்டேன், கேட்டது தப்பு, என்று நேராகச் சொல்லிவிட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கிருபா.

"எப்படித் தெரியும்?"

"'பேசுங்க'ன்னு சொன்னீங்களே. வீட்டுல 'சாப்பிடுங்க'ன்னு கூப்புடறதும் அதே ராகம்தான்."

பெரியநாயகிக்கு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிருபா திரும்பினாள்.

டிரங்க்கால் போட்ட அன்று சாயங்காலம் பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தாளாம். அப்பாவிடம் இந்நேரம் சொல்லியிருப்பார்கள், ரகளை நடக்கும் என்று எதிர்பார்த்தாளாம். வந்தால் வெண்டைக்காய் பொரியலும் சாம்பாரும்தான் காத்திருந்தன. மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தினமும் அப்பா முகத்தைப் பார்ப்பாளாம், பிறகு இவள் முகத்தைப் பார்ப்பாளாம்.

"ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாது. எங்க வேலையில அது சட்டம்."

"சட்டத்துக்காகத்தானா?"

பெரியநாயகி யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "மொத நாள் சட்டத்துக்காகத்தான். அப்புறம், நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

கிருபா கட்டிலில் உட்கார்ந்தாள். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். பெரியநாயகி உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"என்னாலதான் போறியா?"

"ஜூன் மாசத்துல அப்படித்தான் இருந்துது." கிருபா மறைக்கவில்லை. "எங்கயாவது போயிடலாம்னு இருந்துது. இப்ப அது இல்ல. நான் நர்ஸ் படிக்கணும். அம்மா படுத்துக்கினு இருந்தப்ப, எதைத் தொடறது, எதைத் தொடக் கூடாதுன்னுகூட எனக்குத் தெரியல. கையைக் கட்டிக்கினு நின்னேன். இனிமே யார் பக்கத்துலயும் அப்படி நிக்க மாட்டேன்."

வெளியே சாலுவின் குரல் கேட்டது. நான்கு வீடு தள்ளி யாரிடமோ பாக்கெட்டின் ஆழத்தை விளக்கிக்கொண்டிருந்தான்.

பெரியநாயகி வளையத்திலிருந்து சாவிகளைப் பிரித்தாள். ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மற்றதைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு சாவி குடுத்தாங்க. ஒண்ணு உங்கிட்ட இருக்கட்டும். ஒண்ணு இந்த வீட்டுல இருக்கும். நீ உன் சாவியைத் தொலைச்சிட்டேன்னா, இங்க வந்துதான் பெட்டியைத் தொறக்கணும்."

கிருபா அந்தச் சாவிக்கொத்தையே பார்த்தாள். பீரோ சாவி, அரிசிப் பெட்டி சாவி, வாசல் பூட்டுச் சாவி, அவற்றோடு சின்னதாகப் பெட்டிச் சாவி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு ரிப்பனைப் பிரித்து ஹேர்பின்னை எடுத்து, கண்ணாடி பார்க்காமலே காதோரம் குத்திக்கொண்டாள். கோணலாக இருந்தது. பெரியநாயகி கழற்றிச் சரியாகக் குத்திவிட்டாள். கிருபா தலையைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"இன்னொண்ணு இருக்குது," என்றாள் அப்படியே, முகம் தெரியாமல். "சித்தி இன்னிக்கு சாயங்காலம் வருது. டிரெயினிங் அப்ளிகேஷன் எடுத்துக்கினு. அப்பா கையெழுத்து போடணும்."

பெரியநாயகியின் கை நின்றது. மூன்று வருஷமாக இந்தப் படி மிதிக்காதவள். வந்து நிற்கப் போகிறாள், அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு. வருகிற விஷயம் அவருக்குத் தெரியாது.

"அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

"மாட்டேன்," என்றாள் பெரியநாயகி. "கனெக்‌ஷன் குடுக்கறதுதான் என் வேலை. பேச வேண்டியது நீதான்." எழுந்து கையை நீட்டினாள். "வா. நான் லைன்லயே இருக்கறேன்."

கிருபா சிரித்துவிட்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

முன்னறையில் ஞானசிகாமணி பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டுகள் தயார் செய்துகொண்டிருந்தார். தட்டுக்கு நாலு அதிரசம், நாலு முறுக்கு, ஒரு துண்டு கேக். டிராயிங் மாஸ்டர் அல்லவா, முறுக்கைக்கூட அழகு பார்த்துத்தான் வைப்பார். ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு, குரோஷா பின்னல் துணியை எடுத்து ஒரு தட்டை மூடப்போனவர் நிமிர்ந்தார். இரண்டு பேரும் கை கோத்து நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, ரெண்டு பேரும் சேந்து வரீங்க? இன்னும் ஏதாவது பரிசு பாக்கி இருக்குதா?"

கிருபாவின் விரல்கள் இறுகுவது பெரியநாயகிக்குத் தெரிந்தது. காத்திருந்தாள்.

"அப்பா," என்றாள் கிருபா. குரல் முதலில் பிசிறியது, பிறகு தெளிந்தது. "வேலூர்லேர்ந்து சாயங்காலம் சித்தி வருது. நான்தான் வரச் சொன்னேன்."

துணி பிடித்த கை தட்டின் மேல் அப்படியே நின்றது. ஞானசிகாமணி மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். உனக்கு இது தெரியுமா என்று அந்தக் கண்கள் கேட்டன.

பெரியநாயகி தலையை அசைத்துத் தெரியும் என்றாள். கிருபாவின் பக்கத்திலிருந்து ஓர் அடிகூட அவள் நகரவில்லை.